ரெண்டு தறியும் ஒரு கொடியும்

மே தின ஊர்வலத்தில் முன்னால் போகிற கொடி பெரியது. கம்பு மூங்கில். காற்று அடித்தால் ஆளை இழுக்கும். இடுப்பில் வார் கட்டி, அதில் கம்பின் அடியை ஊன்றிக்கொண்டு நடக்க வேண்டும். ரத வீதி திரும்புகிற இடத்தில் கரண்டு வயர் தாழ்ந்து கிடக்கும். அங்கே கம்பைச் சாய்க்கணும். சாய்த்தால் துணி முகத்தில் விழும். கொஞ்ச தூரம் கண் தெரியாமல்தான் நடக்கணும். எனக்கு அது பழக்கம்.

எனக்குக் கோஷம் போட வராது. மேடையில் பேச வராது. வசூலுக்குப் போனால் கேட்க வாய் வராது. சங்கத்தில் என்னால் ஆகிற காரியம் கொடி பிடிப்பது ஒன்றுதான். கல்யாணத்துக்கு முன்பிருந்து நான்தான் பிடிக்கிறேன்.

போன வருஷம் அதற்கு ஒரு தடை வந்தது. 

நான் விசைத்தறி ஓட்டுகிறவன். சங்கரன்கோவிலில் அது பெரிய அதிசயமில்லை. தெருவுக்குத் தெரு சத்தம் கேட்கும். நான் வேலை பார்த்த தறிக்கூடத்தை முதலாளி ஒருநாள் மூடினார். மூடிவிட்டு எங்களைக் கூப்பிட்டார். "தறியை நீங்களே வாங்கிக்கிடுங்க. வீட்டுல போட்டுக்கிடுங்க. நூல் நான் தாரேன். நெய்து கொடுத்துட்டுக் கூலி வாங்கிக்கிடுங்க" என்றார்.

நான் ரெண்டு தறி வாங்கினேன். என் வீட்டுக்காரி கழுத்தில் கிடந்த செயின் போயிற்று. தறி வந்தது. முன்னறையில் கட்டில் இருந்த இடத்தில் ஒன்று, பீரோ இருந்த இடத்தில் ஒன்று. கட்டிலைப் பிரித்து மச்சில் போட்டோம். நான் ஒன்று பார்ப்பேன். அவள் ஒன்று பார்ப்பாள். அதே தறி. அதே நூல். அதே முதலாளி. கூரை மட்டும் எங்கள் கூரை.

கூடத்தில் என் பக்கத்துத் தறியில் நின்றவன் ஒருவன் உண்டு. என் வயசுக்காரன், என் சோட்டாளி. அவன் தறி வாங்கவில்லை. வேறொரு கூடத்தில் கூலிக்குப் போய்விட்டான். அவன்தான் சங்கக் கமிட்டியில் எழுந்து சொன்னான்.

"கொடி தொழிலாளி கையிலதான் இருக்கணும். இவரு இப்ப ரெண்டு தறிக்கு முதலாளி. முதலாளி கையில நம்ம கொடியைக் கொடுத்துட்டு நாம பின்னால போறதா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்னவே, ஒண்ணும் பேச மாட்டேங்கீரு?" என்றான்.

"நீ சொல்லு" என்றேன்.

அவனுக்கு என் மேல் கோபம் கிடையாது. கொடியின் மேல் ஆசையும் கிடையாது. அவனுக்கு வலது தோள் ஏறாது. சீப்பைத் தூக்கித் தலை சீவுவதே இடது கையால்தான். அவனுக்கு அது கொள்கை. கூட்டம் முடிந்ததும் என்கூடத்தான் டீ குடித்தான். "தப்பா நினைக்காதேயும்" என்றான். நினைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி இடுப்பு வாரை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன்.

எங்கள் செயலாளர் நல்ல மனுஷன். யாரையும் வருத்தப்பட விட மாட்டார். அதனால் எந்த முடிவும் எடுக்க மாட்டார். ஒரு வாரம் யோசித்தார். அப்புறம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"மதுரையில ஒரு பேராசிரியர் இருக்காரு. பொருளாதாரம். நம்ம ஆளு. சென்னையில ஒரு அம்மா இருக்காங்க. அவுகளும் பொருளாதாரம். அவுகளும் நம்ம ஆளு. ரெண்டு பேரையும் கூப்பிட்டு ஒரே மேடையில உக்காத்தி வைப்போம். ரெண்டு பேரும் சேந்து ஒரு வார்த்தை சொல்லிட்டாங்கன்னா அதுக்கு மேல யாரு பேச முடியும்?"

கமிட்டி முழுக்கக் கை தூக்கியது. என் சோட்டாளியும் தூக்கினான். இடது கை.

பொருளாதாரம் படித்த ரெண்டு இடதுசாரிகளை ஒன்றாக உட்கார வைத்தால் ஒரே வார்த்தை வரும் என்று நம்பினது எங்கள் சங்கம் ஒன்றாகத்தான் இருக்கும்.

மே தினத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. காலை நேரம். சங்கக் கட்டிடத்து மாடி. வெயில் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் எங்கள் பக்கம் பராமரிப்பு வேலைக்காகக் கரண்டு நிறுத்தப்போகிறார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் ஞாயிறும் தறி ஓடியது. ஒருத்தர் வரலாம், ஒருத்தர் தறி பார்க்கணும். நான் வந்தேன். அவள் பார்த்தாள்.

"உம்ம கேசுல்லா. போயிட்டு வாங்க" என்று அனுப்பினாள்.

செயலாளர் என்னை மேடை ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். கூட்டத்தைப் பார்த்த மாதிரி. எனக்குக் கூச்சமாக இருந்தது. பொருட்காட்சியில் வைத்த மாதிரி இருந்தது. பேச வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள். அந்தத் துண்டு எங்கள் வீட்டுத் தறியில் ஓடியது. கரையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை.

இங்கே ஒன்று சொல்லணும். தறிக்காரன் பேச்சு வேற மாதிரி. தறிக்கூடத்தில் காது கேட்காது. அதனால் சத்தம் இல்லாமல் உதட்டை மட்டும் அசைப்போம். அந்தக் கடைசியில் நிற்பவன் இந்தக் கடைசியில் நிற்பவனிடம் மருமகளைப் பற்றிக் குறை சொல்வான். கொஞ்சம் கை காட்டுவோம். வருஷக்கணக்காக அப்படிப் பேசி, வெளியிலும் அது வந்துவிடும். எனக்குக் காதும் கொஞ்சம் மந்தம். ஆள் உதட்டைப் பார்த்தால்தான் முழுசாக விளங்கும்.

மதுரைக்காரர் முதலில் எழுந்தார். நல்ல உயரம். கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"தோழர்களே, நான் எத்தனையோ கருத்தரங்குகளுக்குப் போயிருக்கிறேன். இவ்வளவு அமைதியாக உட்கார்ந்து கேட்கிற கூட்டத்தை எங்கேயும் பார்த்ததில்லை" என்றார்.

நான் கூட்டத்தைப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் இருந்தவன் சுவர் ஓரம் இருந்தவனிடம் வடை வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தான். போண்டா என்று பதில் வந்தது. பின்னால் ரெண்டு பேர் கிரிக்கெட்டில் இருந்தார்கள். ஒருத்தன் தன் பெண்ணுக்கு இளையரசனேந்தல் பக்கம் பார்த்திருக்கிற மாப்பிள்ளையைப் பற்றி விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு சத்தம் இல்லை.

மதுரைக்காரர் நன்றாகப் பேசினார். ஆனால் அவருக்கு மீசை பெரியது. மேல் உதடு தெரியவில்லை. அவர் வாதத்தில் பாதி எனக்கு மீசைக்குள் போய்விட்டது. மீதியைச் சொல்கிறேன்.

"ஒரு மனிதன் யார் என்பதை அவன் மனசை வைத்துச் சொல்ல முடியாது. அவன் கஷ்டத்தை வைத்தும் சொல்ல முடியாது. கஷ்டப்படுகிற முதலாளியும் உண்டு. கருவி யாருடையது? அதுதான் கேள்வி. இந்தத் தோழருக்கு இரண்டு தறி சொந்தம். இவர் சிறு உடைமையாளர். நம் நண்பர். நம் போராட்டத்தில் கூட வருவார், வரணும். ஆனால் கூலி உயர்வு கேட்கிற நாளில் இவர் மனசு ரெண்டாகப் பிரியும். அது இவர் தப்பில்லை. இவர் நிற்கிற இடம் அப்படி."

என் சோட்டாளி தலையை ஆட்டினான். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. நாற்காலியில் கொஞ்சம் சரிந்தேன்.

சென்னை அம்மா எழுந்தார்கள். சின்ன உருவம். வெட்டின முடி. பிறந்தது திருவேங்கடம் பக்கம், கரிசல்காட்டுப் பருத்தி வீடு என்று செயலாளர் சொல்லியிருந்தார். பேச்சு சென்னைப் பேச்சாகத்தான் ஆரம்பித்தது.

"தோழர் பத்திரத்தைப் பார்க்கிறார். நான் வீட்டைப் பார்க்கச் சொல்கிறேன். என்ன நெய்யணும் என்று இவர் முடிவு செய்கிறாரா? இல்லை. நூல் இவருடையதா? இல்லை. துணிக்கு விலை வைக்கிறாரா? இல்லை. தறி ரிப்பேர் ஆனால் யார் பார்க்கணும்? இவர். கை மாட்டினால் யார் பார்க்கணும்? இவர். போனஸ் கிடையாது, பி.எஃப். கிடையாது. முதலாளி கூடத்தை மூடவில்லை தோழர். அதைத் துண்டு துண்டாக்கி இவர்கள் வீட்டுக்குள் வைத்துவிட்டார். வாடகையும் மிச்சம், சங்கமும் மிச்சம். இவர் தன் செலவில் இயந்திரம் வாங்கி வைத்திருக்கிற கூலித் தொழிலாளி."

அதுவும் சரி என்றுதான் பட்டது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மதுரைக்காரர் உட்கார்ந்தபடியே மைக்கை இழுத்தார். "தோழர், இது பொருளாதாரம் இல்லை. அனுதாபம்."

"தோழர், சோறு கொண்டுபோய்க் கொடுக்கிற பையனுக்குப் பைக் அவனுது. போன் அவனுது. பெட்ரோல் அவனுது. அவனும் முதலாளியா?"

"அவன் அந்த பைக்குக்கு இன்னொரு ஆளைக் கூலிக்கு வைக்க மாட்டான், தோழர். இவர் நாளைக்கே ஒரு ஆளை வைக்கலாம்."

"வைக்கலாம்னு சொல்லி எழுதுவீங்க. வைச்சாரான்னு ஒரு வீட்டுல போய்க் கேட்டிருக்கீங்களா?"

"நாலு வீட்டில் போய்க் கேட்டு எழுதினால் அது ஆராய்ச்சியா, தோழர்?"

"கேக்காம எழுதினா அது ஜோசியம், தோழர்."

கோபம் ஏற ஏறத் தோழர் கூடியது. அம்மாவுக்குப் பேச்சும் மாறியது. "என்ன சொல்லுதீரு நீரு?" என்று திருவேங்கடம் வந்துவிட்டது. இருவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்களாம். அப்போதிருந்தே இப்படித்தானாம். செயலாளர் நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிரித்துக்கொண்டிருந்தார். வியர்த்திருந்தது.

கீழே டீக்கடை வைத்திருக்கிறவர் போண்டாத் தட்டோடு மேலே வந்தார். கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

"அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லட்டா? நம்ம ஊருல சாமியே பாதி சிவன், பாதி பெருமாளு. ஒரு சண்டையும் இல்ல. இவரும் பாதி முதலாளி, பாதி தொழிலாளின்னு இருந்துட்டுப் போறாரு. இதுக்கு எதுக்கு மைக் செட்டு?"

கூட்டம் சிரித்தது. அதுவரைக்கும் ஒன்றுமே ஒத்துப்போகாத ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்து, "அது சமரசம்" என்றார்கள்.

"அப்போ போண்டாவாவது எடுத்துக்கிடுங்க" என்றார் அவர்.

போண்டா போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் நான் வாசலைப் பார்த்தேன். என் வீட்டுக்காரி நிற்கிறாள். சேலை முந்தியை இடுப்பில் சொருகியிருக்கிறாள். தலையில் பஞ்சுத் தூசி. உதட்டை அசைத்தாள்.

"உங்க தறியில பாவு அறுந்துபோச்சு. நெறைய இழை. வாங்க."

நானும் சத்தம் இல்லாமல் சொன்னேன். "இப்ப வர முடியாதுட்டி. என் கேசு நடக்கு."

"கேசு நடக்கும். தறி நிக்கு."

"நீ பிணை."

"நான் ஒரு தறியைப் பாப்பனா, ரெண்டைப் பாப்பனா? நாளைக்குக் கரண்டு கிடையாது. பெறவு ரெண்டு பேரும் தறியைப் பாத்துக்கிட்டுச் சும்மா உக்காந்திருப்போம்."

மதுரைக்காரர் அப்போது மறுபடியும் எழுந்து பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கூட்டம் முழுக்கத் தறிக்காரன். எல்லாரும் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்ப்பதும், திரும்பி என்னைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். முதலில் ஒருத்தன் சிரித்தான். அப்புறம் எல்லாரும்.

மதுரைக்காரர் நிறுத்தினார். "நான் சிரிக்கிற மாதிரி எதுவும் சொல்லலையே?"

"உங்களை இல்ல தோழர்" என்றார் செயலாளர். எழுந்து விஷயத்தைச் சொன்னார். தறிக்காரன் பேச்சு என்றால் என்ன என்பதையும் சொன்னார். மதுரைக்காரர் கூட்டத்தை ஒருதரம் மெதுவாகப் பார்த்தார்.

"அப்போ இவ்வளவு நேரமும் நீங்கள் எல்லாம்…"

"போண்டாவைப் பத்திதான் தோழர்" என்றான் மூன்றாவது வரிசைக்காரன்.

அவரும் சிரித்துவிட்டார். அதில் அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. சிரித்தால் மீசைக்குக் கீழே உதடு தெரிந்தது.

சென்னை அம்மா விடவில்லை. "அவங்களை உள்ளே வரச் சொல்லுங்க" என்றார்கள். என் வீட்டுக்காரி வரமாட்டேன் என்றாள். நான் பேச வரவில்லை, இவுகளைக் கூப்பிட வந்தேன் என்றாள். அம்மா தானே இறங்கிப் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள்.

என் வீட்டுக்காரி என்னை மாதிரி இல்லை. அவளுக்குப் பேச்சு வரும். மைக்கைப் பார்த்தால் கொஞ்சம் கூடுதலாக வரும்.

"வீட்டுல எத்தனை பேரு தறி பாக்கீங்க?" என்று அம்மா கேட்டார்கள்.

"நானும் இவுகளும்."

"தார்க் குச்சியில நூல் சுத்துறது?"

"நான்."

"சமையல்?"

"அதை இவுககிட்ட விட்டா நாங்க என்னத்தைத் திங்கது?"

அம்மா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்கள். முகம் பிரகாசமாக இருந்தது. "தோழர்களே, இந்த வீட்டில் சந்தேகமே இல்லாத தொழிலாளி ஒருத்தர் இருக்கார். அது இவங்க. இவர் தொழிலாளியா முதலாளியா என்று இவ்வளவு நேரம் பேசினோம். இவங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசினோமா?"

நல்ல கைதட்டு. என் வீட்டுக்காரி கைதட்டு முடிகிற வரைக்கும் காத்திருந்தாள்.

"நான் தொழிலாளி இல்லம்மா. முதலாளியம்மா."

அம்மாவுக்கு விளங்கவில்லை. "யார் சொன்னா?"

"பால்காரர் அப்படித்தான் கூப்பிடுதாரு. நூல் கொண்டுவார வண்டிக்காரரும் அப்படித்தான். தறி என்னுதுல்லா?"

"உங்களுதா?"

"எங்க அம்மா எனக்குப் போட்ட செயின். அதை வித்துத்தான் ரெண்டு தறியும் வாங்கினது. இவுக கையில அப்ப என்ன இருந்துச்சு? டீக்கடைக் கணக்குதான் இருந்துச்சு."

கூட்டத்தில் சத்தம் இல்லை. இந்தத் தடவை உதடும் அசையவில்லை.

நான் அதை அப்படி யோசித்ததில்லை. செயின் போனது தெரியும். தறி வந்தது தெரியும். அவள் செயின் என்றால் அவள் தறி என்று என் மண்டையில் ஏறவில்லை. அவள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதுரைக்காரர் மெதுவாக எழுந்தார். சந்தோஷத்தை அடக்கத் தெரியவில்லை அவருக்கு.

"நான் காலையிலிருந்து என்ன சொன்னேன்? கருவி யாருடையது என்று கேட்டேன். கருவி இந்த அம்மாவுடையது. அப்படியானால் அந்தத் தோழருக்குச் சொந்தமாக என்ன இருக்கிறது? இரண்டு கை. அவ்வளவுதான். சுத்தமான தொழிலாளி. இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை."

"நானும் இவரைத் தொழிலாளின்னுதான் காலையிலிருந்து சொல்லுதேன்" என்றார்கள் அம்மா.

செயலாளர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "ரெண்டு பேரும் ஒரே வார்த்தை சொல்லிட்டாங்க! ஒரே வார்த்தை! எழுதிக்கிடுங்க!"

"ஆனா இவங்களும் தொழிலாளிதான்" என்று அம்மா விடாமல் என் வீட்டுக்காரி தோளைத் தொட்டார்கள்.

"நான் எதுக்கும்மா தொழிலாளி ஆகணும்? இப்பத்தானே முதலாளியே ஆனேன். கொஞ்ச நாள் இருந்துட்டு வாரேன்."

சிரிப்பில் தகரம் அதிர்ந்தது. அதற்குள் மதுரைக்காரர், "தோழர், ஒருவர் தன்னை யார் என்று நினைக்கிறாரோ அதுவும் அரசியல்தானே?" என்றார். "காலையில மனசை வச்சுச் சொல்லக்கூடாதுன்னு சொன்னது யாரு?" என்றார்கள் அம்மா. மறுபடியும் தோழர் கூட ஆரம்பித்தது.

என் சோட்டாளி எழுந்து நின்றான். எல்லாரும் அடங்கினார்கள். அவன்தானே ஆரம்பித்தவன்.

"சரிவே" என்றான் என்னைப் பார்த்து. "நீரு தொழிலாளிதான். கொடியைப் பிடியும். எனக்கு இனி ஒரு ஆட்சேபணையும் இல்ல." பிறகு என் வீட்டுக்காரியைப் பார்த்தான். "ஆனா மதினி, இவரு எங்க சங்கத்து ஆளு. இவருக்குக் கூலி எவ்வளவு கொடுக்கீங்கன்னு சங்கத்துல இருந்து வந்து கேப்போம்."

"கேளுங்களேன். மூணு வேளை சோறு போடுதேன்லா? துணி துவைச்சுப் போடுதேன். அதெல்லாம் எந்தக் கணக்கு?"

"பண்டக்கூலி. காசுக்குப் பதில் பொருளாகக் கொடுக்கிற கூலி" என்றார் மதுரைக்காரர்.

"அதை எப்படிக் கூலின்னு சொல்வீங்க?" என்றார்கள் அம்மா.

அவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அதற்கு மேல் இருக்க நேரமில்லை. பாவு அறுந்து கிடந்தது. நான் இறங்கிவிட்டேன். நன்றியுரையை மாடிப்படியில்தான் கேட்டேன்.

தெருவில் அவள் முன்னால் நடந்தாள். நான் பின்னால். எப்போதும் நான்தான் முன்னால் நடப்பேன். அன்றைக்கு அப்படி ஆயிற்று.

"செயினைப் பத்தி நீ முன்னாடி ஒருநாளும் சொன்னதில்லையே" என்றேன்.

"நீங்க கேட்டதில்லையே" என்றாள். கொஞ்ச தூரம் போய், "கொடி கிடைச்சிட்டுல்லா. பேசாம வாங்க" என்றாள்.

பேசாமல் போனேன். அது எனக்கு வரும்.

இழை பிணைத்து முடிகிற நேரம் அவர்கள் ரெண்டு பேரும் செயலாளரோடு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். தறியைப் பார்க்கணுமாம். நான் சுவிட்சைப் போட்டேன். ரெண்டு தறியும் ஓடியது. முன்னறையில் ஆளுக்கு நிற்க இடம் இல்லை. மதுரைக்காரர் கதவோரம். அம்மா ஜன்னலோரம். நடுவில் தறி. அம்மா என்னமோ சொன்னார்கள். அவருக்குக் கேட்கவில்லை. அவர் என்னமோ சொன்னார். அம்மாவுக்குக் கேட்கவில்லை. அவர் கையை விரித்தார். அம்மா விரலை ஆட்டினார்கள். கொஞ்ச நேரம் கையாலேயே சண்டை நடந்தது.

என் வீட்டுக்காரி என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாள். "இவுகளையும் கூடத்துக்கு வேலைக்கு அனுப்பலாம். பழகிருவாக."

மதுரைக்காரர் தோளில் துண்டு கிடந்தது. அம்மா அதன் கரையைப் பார்த்தார்கள். தறியில் ஓடுகிற கரையைப் பார்த்தார்கள். குனிந்து தன் தோளில் கிடந்ததையும் பார்த்தார்கள். என்னிடம் கை காட்டிக் கேட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். தறியை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினேன்.

"இது நீங்க நெய்ததா, அவங்க நெய்ததா?"

நான் யோசித்துப் பார்த்தேன். "உங்க துண்டு அவ நெய்தது. அவருது நான்."

"எப்படித் தெரியும்?"

"அவ கரை நேரா இருக்கும்."

மதுரைக்காரர் தன் துண்டைக் கையில் எடுத்து விரித்துப் பார்த்தார். கொஞ்சம் கோணல்தான்.

மத்தியானம் செயலாளர் அவர்களைப் பிரியாணிக்கு அழைத்துப் போனார். என்னையும் கூப்பிட்டார். முதலாளியம்மாவிடம் கேட்டேன். அரை மணி நேரம் கொடுத்தாள். எங்கள் ஊரில் எது இல்லாவிட்டாலும் பிரியாணி இருக்கும். இலை போட்டதும் ரெண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு அவர்கள் மூன்றாவது தடவையாக ஒத்துப்போனது அந்த இலையில்தான். சாப்பிட்டுக் கை கழுவும்போது மறுபடியும் பண்டக்கூலி ஆரம்பித்தது. மதுரை பஸ்ஸில் ஏறுகிற வரைக்கும் நடந்தது. ஜன்னல் வழியாக அவர் கடைசி வார்த்தை சொன்னார். பஸ் நகர்ந்துவிட்டது. அம்மாவுக்கு அது பெரிய குறை. "பதில் சொல்ல விடாம போயிட்டாரு பாத்தீங்களா" என்று செயலாளரிடம் சொல்லிக்கொண்டே ரயிலடிக்குப் போனார்கள்.

மே தினத்தன்று காலையில் குளித்துவிட்டு இடுப்பு வாரை எடுத்தேன். அவள் தறியில் நின்றாள். நானும் போய் நின்றேன்.

"என்ன?" என்றாள் உதட்டால்.

"லீவு வேணும்."

"எதுக்கு?"

"மே தினம்."

அவள் யோசிக்கிற மாதிரி பாவனை செய்தாள். முதலாளி வேஷம் அவளுக்கு நன்றாக வந்துவிட்டது. "மே தினத்துக்கு முதலாளி லீவு விடணும்லா. போயிட்டு வாங்க. கஞ்சி குடிச்சுட்டுப் போங்க."

ஊர்வலம் கிளம்பியது. காற்று நல்ல காற்று. கம்பு இழுத்தது. எனக்குப் பின்னால் என் சோட்டாளி கோஷம் போட்டுக்கொண்டு வந்தான். அவனுக்குத் தோள்தான் ஏறாது. தொண்டை ஏறும். ரத வீதி திரும்பினோம். வயருக்குக் கீழே கம்பைச் சாய்த்தேன். துணி முகத்தில் விழுந்தது. நிமிர்த்தினேன்.

எங்கள் தெரு வழியாகத்தான் ஊர்வலம் போகும். வருஷா வருஷம் அப்படித்தான். வீடு வந்தபோது அவள் வாசலில் நின்றாள். தலையில் பஞ்சுத் தூசி. என் சோட்டாளி அவளைப் பார்த்துவிட்டான். வேணுமென்றே அந்த இடத்தில் வந்து, "முதலாளித்துவம்!" என்று கத்தினான். ஊர்வலம் முழுக்க அவள் பக்கம் திரும்பி, "ஒழிக!" என்றது. சிரித்துக்கொண்டே சொன்னது.

அவளும் சிரித்தாள். கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்த்து, சத்தம் இல்லாமல் உதட்டை அசைத்தாள்.

"கொடியை நேரா பிடிங்க. கோணுது."

நேராகப் பிடித்தேன்.